ஹார்ட்வெல்லில் கெல்லர்மனுக்கு விழுந்த ஒரு ஓட்டு

கிளாடெட் ரூலோவுக்கு வேலையிடத்தில் பெயர் கேரல். சொந்தப் பெயரைச் சொன்னால் ஃபோனை எடுத்தவர்களில் பாதிப் பேர் "என்ன, என்ன?" என்று திருப்பிக் கேட்டார்கள், மீதிப் பேர் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார்கள். இரண்டிலும் நேரம் போயிற்று. மேற்பார்வையாளர் வெய்ன் ஸ்டிக்னி ஒருநாள், "இன்னையிலேருந்து நீங்க கேரல்" என்று சொல்லிவிட்டார். மாலை ஐந்து மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டினால் அவள் கேரல். ஒன்பது மணிக்குக் கழற்றினால் கிளாடெட். கேரலுக்குக் கோபம் வராது, அழுகை வராது, சொந்த அபிப்பிராயம் கிடையாது. கிளாடெட்டுக்கு மூன்றும் உண்டு.

நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரத்தில் ஆற்றோரம் நிற்கும் பழைய செங்கல் ஆலை ஒன்றின் மூன்றாவது மாடியில் அந்த அறை இருந்தது. இருபத்திரண்டு மேசை, இருபத்திரண்டு ஃபோன். நியூ ஹாம்ப்ஷயர் மக்கள் யாருக்கு ஓட்டுப் போடப் போகிறார்கள் என்று அந்த மக்களையே கூப்பிட்டுக் கேட்பது அங்கே வேலை. நாட்டிலேயே முதல் பிரைமரி, அதாவது அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல், அந்த மாநிலத்தில்தான் நடக்கும் என்பதால், அதிபராக ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் அங்கே வந்து கை குலுக்க வேண்டும். அந்த ஏப்ரலில் தேர்தலுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. எட்டுப் பேர் போட்டியிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்னும் நாலு பேர் போட்டியிடவில்லை என்று சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் அவர்களும் வருவார்கள்.

கேட்பது சுலபம், பதில் வாங்குவதுதான் கஷ்டம். கையைப் பிடித்துப் பார்க்காத ஆளுக்கு அந்த ஊரில் யாரும் ஓட்டுப் போடுவதாக வாக்குக் கொடுக்க மாட்டார்கள்.

"இன்னைக்கு ஒருத்தர் சொல்றாரு, 'செனட்டரை நான் ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன், அதுக்குள்ள எப்படிம்மா சொல்றது'ன்னு" என்றாள் பக்கத்து மேசை டாட் கிம்பல். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்; அந்தக் குரலை இன்னும் குறைக்கவில்லை. "என் கல்யாணத்துக்கு முன்னாடி நான் என் புருஷனை ஒரு தடவைதான் பார்த்தேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் தெனமும் பார்த்தேன். அந்த ஒரு தடவையே போதுமா இருந்துச்சு."

கிளாடெட்டுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தெட்டு வருடம் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களிடம் "வியாழக்கிழமை முடியுமா?" என்று கேட்டவள். அதனால்தான் அந்தக் குரல் எதற்கும் அசையாது. கணவன் லியோ, பனி பிடிக்கவில்லை என்று ஒரு ஜனவரியில் ஃபுளோரிடாவுக்குப் போனான். பனியோடு அவளையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறான் என்பது மார்ச் மாதம்தான் அவளுக்குப் புரிந்தது. குழந்தை இல்லை. உறவு என்று சொல்ல ஒரே ஒரு அக்கா, லுசீல். வடக்கே இரண்டரை மணி நேரத் தூரத்தில் ஹார்ட்வெல் என்ற சின்ன ஊரில் இருந்தாள். அவளோடு பேசி மூன்று பிரைமரி ஆகிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் வருடத்தைக் கணக்கிடுவார்கள். மற்றவர்கள் கணக்கில் பன்னிரண்டு வருடம்.

சண்டை ஒரு கேக்கில் ஆரம்பித்தது.

வேட்பாளர்களை வீட்டுக்கு அழைத்து, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, காபி கொடுத்துப் பேச வைப்பது அந்த மாநிலத்து வழக்கம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, லுசீல் தன் வீட்டுக்கு செனட்டர் கெல்லர்மனை அழைத்தாள். அவர் மேற்கே ஏதோ ஒரு மாநிலத்துக்காரர். கணிப்புகளில் இரண்டு சதவீதம் வைத்திருந்தார். லுசீல் எதையும் முதலில் முடிவு செய்கிறவள். கெல்லர்மன்தான் என்று ஆகஸ்டிலேயே முடிவு செய்துவிட்டாள். நான்கு மேப்பிள் கேக் சுட்டாள். அவள் கணவர் நார்மன் வீட்டிலுள்ள ஜன்னல்களை எல்லாம் துடைத்தார். கூடத்தில் முப்பத்துநாலு பேர் உட்கார்ந்தார்கள். கெல்லர்மன் பேசினார், பிறகு ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, "உங்க ஓட்டு எனக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் வாயில் கேக்கோடு தலையாட்டினார்கள். கடைசி நாற்காலியில் கிளாடெட்.

"இன்னும் முடிவு பண்ணல சார். இன்னும் நாலு பேரைப் பார்க்க வேண்டியிருக்கு" என்றாள்.

கெல்லர்மன் சிரித்தார். லுசீல் சிரிக்கவில்லை. வண்டிகள் எல்லாம் கிளம்பிய பிறகு சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என் வீட்டுல உட்கார்ந்து, என் கேக்கை ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு, முடிவு பண்ணலயா?"

"ரெண்டுக்கும் என்ன சம்பந்தம், லுசீல்?"

"நார்மன் கோழிக்கூட்டுக்குக் கூட பெயின்ட் அடிச்சாரு."

"கோழிக்கூடு நல்லாத்தான் இருக்கு."

"கூடப் பொறந்தவளே முடிவு பண்ணலன்னா வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"அவங்கதான் எல்லாரும் போடறேன்னு சொல்லிட்டாங்களே."

லுசீல் குழாயை மூடினாள். "முடிவு பண்ணினதும் எனக்கு ஃபோன் பண்ணு. அதுவரைக்கும் பண்ணாதே" என்றாள்.

கிளாடெட் மீதி நாலு பேரையும் போய்ப் பார்த்தாள். தேர்தலன்று மறைப்புக்குள் நின்று ஐந்து நிமிடம் யோசித்து கெல்லர்மனுக்கே போட்டாள். அவளுடைய வட்டத்தில் அவருக்கு விழுந்தது பதினோரு ஓட்டு. அதில் ஒன்று அவளுடையது. மாநிலத்தில் ஏழாவதாக வந்த கெல்லர்மன் மறுநாள் காலையிலேயே விலகிக்கொண்டார். இனிமேல் ஃபோன் செய்து "உன் ஆளுக்குத்தான் போட்டேன்" என்றால் யார் நம்புவார்கள்? தோற்றவன் வீட்டில் துக்கம் விசாரிக்கிற பேச்சு மாதிரி இருக்கும். ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தாள். ஒரு வாரம் போயிற்று. சொந்த அக்காவுக்கு ஒரு ஃபோன் செய்ய முடியாதவள், முன்பின் தெரியாத பதினோராயிரம் பேருக்கு ஃபோன் செய்யும் வேலையில் போய்ச் சேர்ந்தாள்.

அந்த வேலையில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். ஃபோனை எடுத்தவரிடமே பேசிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் வீட்டில் சும்மா இருப்பவர்கள் கருத்து மட்டும்தான் கிடைக்கும். அதனால் அந்த வீட்டில் கடைசியாகப் பிறந்தநாள் கொண்டாடிய பெரியவர் யார் என்று கேட்டு, அவரிடம்தான் பேச வேண்டும். கிளாடெட் இந்தக் கேள்வியை வருடம் முழுக்க ஒரே வேகத்தில் வாசிப்பாள். ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி மட்டும் கொஞ்சம் அவசரமாக வாசிப்பாள். அது லுசீலின் பிறந்தநாள். வெய்ன் அதைக் கவனித்திருந்தார், ஆனால் கேட்கவில்லை. பள்ளிக்கூடக் கூடைப்பந்தில் நடுவராக இருந்தவர். விதி மீறாத வரை விசில் ஊதமாட்டார்.

இன்னும் மூன்று விதி உண்டு. கேள்விகளின் வரிசையை மாற்றக் கூடாது. எழுதியிருப்பதைத் தவிர ஒரு வார்த்தை கூடப் பேசக் கூடாது. தெரிந்தவர் குரல் கேட்டால் மன்னிப்புக் கேட்டு ஃபோனை வைத்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். ஏழு வருடத்தில் கிளாடெட் இரண்டு தடவை கையைத் தூக்கியிருக்கிறாள். ஒரு தடவை அவளுடைய பாதிரியார். இன்னொரு தடவை அந்தப் பல் மருத்துவர்.

ஏப்ரல் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு இருபது. எண்களைக் கணினியே கலைத்துப் போட்டுத் தேர்ந்தெடுக்கும், அதுவே கூப்பிடும். மாநிலத்தில் இருக்கிற இத்தனை எண்களில் அதற்கு அன்று அந்த ஒன்றுதான் கிடைத்தது. ஒரு தடவை மணி அடித்தது.

"யாரு?"

ஃபோனை எடுத்தால் லுசீல் அப்படித்தான் கேட்பாள், வாசலில் நாய் குரைத்தால் கேட்பது மாதிரி. திரையில் எண்ணும் வந்தது. முப்பத்தைந்து வருடமாக மாறாத எண். கிளாடெட்டின் கை தோள் வரை எழுந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தலைமுடியை ஒதுக்கிவிட்டு மேசைக்கே திரும்பி வந்தது.

"வணக்கம். என் பேர் கேரல். அடுத்த பிரைமரி பத்தி ஒரு கருத்துக்கணிப்பு நடத்தறோம். நாங்க எதையும் விக்கல. ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?"

"பத்து நிமிஷம்னு சொல்லி போன வாரம் ஒருத்தன் அரைமணி நேரம் எடுத்தான்." பாத்திர மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "கேளுங்க. அடுப்புல பீன்ஸ்தான் இருக்கு, அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"உங்க வீட்டுல இருக்கற பதினெட்டு வயசு தாண்டினவங்கள்ல, கடைசியாப் பொறந்தநாள் வந்தது யாருக்கு?"

கிளாடெட்டுக்குப் பதில் தெரியும். லுசீலுக்குப் பத்தொன்பது, நார்மனுக்கு இருபத்திரண்டு. மூன்று நாள் இடைவெளிக்கு இரண்டு கேக் எதற்கு என்று அந்த வீட்டில் எப்போதும் ஒரே கேக்தான். ஆகவே விதிப்படி நார்மனைத்தான் கூப்பிட வேண்டும். 'நார்மன், உங்களுக்கு ஃபோன்' என்று லுசீல் உள்ளே பார்த்துக் கத்துவாள். நார்மன் வருவார். நார்மனிடம் பேசுவது சுலபம். அவர் எதற்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்.

"எனக்குத்தான்" என்றாள் லுசீல். "போன பத்தொன்பதாம் தேதி."

கிளாடெட் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லுசீல் ஓட்டு விஷயத்தில் பொய் சொல்கிற ஜாதி இல்லை. அப்படியென்றால் நார்மன் அந்த வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியிலா? லியோ மாதிரி அவரும் பனி பிடிக்காமல் போய்விட்டாரா? நார்மனா? கோழிக்கூட்டுக்குப் பெயின்ட் அடித்த மனுஷனா? கேட்க முடியாது. அதைக் கேட்கிற கேள்வி படிவத்தில் முப்பத்தொன்றாவதாக இருந்தது. நடுவில் இருபத்தொன்பது கேள்வி, பெரும்பாலும் அதிபர் தேர்தலைப் பற்றி.

"நீங்க ஏதாவது ஒரு கட்சியில பதிவு பண்ணினவரா, இல்ல எந்தக் கட்சியும் சொல்லாதவரா?"

"சொல்லாதவ."

"இந்தத் தேர்தல்ல உங்களுக்கு எவ்வளவு ஆர்வம்? ரொம்ப ஆர்வமா, ஓரளவு ஆர்வமா, அவ்வளவா இல்லையா, இல்ல கொஞ்சம் கூட இல்லையா?"

"இன்னைக்கு செவ்வாய்க்கிழமையா? ஓரளவு."

எட்டு வேட்பாளர்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர்மேல் நல்ல அபிப்பிராயமா கெட்ட அபிப்பிராயமா என்று கேட்க வேண்டும். கிளாடெட் கேட்டாள். ஒரு கவர்னரைப் பற்றி லுசீல், "பல்லு நல்லா இருக்கு. அதை எதுல போடுவீங்க?" என்றாள். "நல்ல அபிப்பிராயமா, கெட்ட அபிப்பிராயமா?" "பல்லு மேலன்னா நல்லது. போடுங்க." இன்னொரு பெண் செனட்டரைப் பற்றி, "இந்தம்மா நம்ம ஊர் நூலகத்துக்கு வந்து, மண் ரோட்டுல வண்டி மாட்டிக்கிட்டு, இறங்கித் தானே தள்ளுனாங்க" என்றாள். "நல்ல அபிப்பிராயமா, கெட்ட அபிப்பிராயமா?" "தள்ளத் தெரியல. ஆனா தள்ளுனாங்க."

வேறு ஒரு நாளாக இருந்தால் கிளாடெட் ஹெட்போனைக் கையால் மூடிக்கொண்டு சிரித்திருப்பாள். கேரல் பன்னிரண்டாம் கேள்வியை முடித்துவிட்டுப் பதின்மூன்றுக்குப் போனாள்.

"இன்னைக்கே பிரைமரி நடந்தா யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல."

கேரலின் விரல் அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. லுசீலா? ஆகஸ்டிலேயே முடிவு செய்து டிசம்பரில் கேக் சுடுகிறவளா? "பண்ணினது மாதிரி ஏதாவது..." என்று படிவத்தில் இல்லாததைச் சொல்லிக் குரல் வழுக்கியது. இருமிவிட்டுப் பதினாலை வாசித்தாள். "ஒருத்தர் பக்கமாவது கொஞ்சம் மனசு போகுதா?"

"இல்லம்மா. முன்னெல்லாம் வீட்டுல ஒரு ஆள்கிட்ட சத்தமாச் சொல்லிப் பார்ப்பேன். சொல்லிப் பார்த்தாத்தானே நாம என்ன நினைக்கறோம்னு நமக்கே தெரியுது. சுவத்துகிட்ட சொன்னா அது எல்லாத்துக்கும் சரின்னுது."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கிளாடெட் 'தெரியாது' என்பதைத் தட்டினாள்.

பொருளாதாரம், போர், மருத்துவச் செலவு, தலைவருக்கு வேண்டிய குணம். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. வயது முப்பதாவது.

"அம்பதுலேருந்து அறுபத்துநாலு வரைக்குமா, அறுபத்தஞ்சுக்கு மேலயா?"

"போன வாரத்துலேருந்து மேல."

முப்பத்தொன்று. கிளாடெட் மேசை விளிம்பை இடக்கையால் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இப்போ கல்யாணமாகிக் கணவரோட இருக்கறவரா, கணவரை இழந்தவரா, விவாகரத்தானவரா, பிரிஞ்சு இருக்கறவரா," என்று மூச்சு வாங்கி, "இல்ல கல்யாணமே ஆகாதவரா?"

அந்தப் பக்கம் பீன்ஸ் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டாவது" என்றாள் லுசீல். "போன அக்டோபர்லேருந்து ரெண்டாவது."

இந்த இடத்தில் படிவத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் அச்சாகியிருந்தது. கிளாடெட் அதை வாசித்தாள்.

"நன்றி."

நார்மன் போய்விட்டார். அவள் தன் அக்காவுக்குச் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான். கண்ணீர் கன்னத்தில் இறங்கி வாய் முன்னாலிருந்த மைக்கில் சொட்டியது. படிப்பு எதுவரை என்று கேட்டாள். கோயிலுக்கு வாரம் எத்தனை தடவை என்று கேட்டாள். குரல் அசையவில்லை. இருபத்தெட்டு வருடப் பல்வலிக்காரர்கள் கொடுத்த குரல் அது. டாட் கிம்பல் தன் ஃபோனைக் கைவிட்டு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசிக் கேள்வி மேடம். தேவைப்பட்டா உங்களை மறுபடி கூப்பிடலாமா?"

"கூப்பிடலாம்" என்றாள் லுசீல். "ஆனா கேரல் வேண்டாம்."

கிளாடெட் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தி இருக்கா. தவக்காலத்துல புனிதர்கள் பேரை வரிசையா வாசிக்கச் சொன்னா, கடைசிப் புனிதருக்கு முன்னாடி மட்டும் மூச்சு வாங்குவா. நாங்க எல்லாரும் முழங்கால் வலியோட அந்தப் புனிதருக்காகக் காத்துக்கிட்டிருப்போம். அவ கூப்பிடட்டும். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுல இருப்பேன்."

"உங்க நேரத்துக்கு நன்றி மேடம்" என்று கிளாடெட் படிவத்தின் கடைசி வரியை வாசித்தாள்.

"மேடமாம்" என்று சொல்லி லுசீல் ஃபோனை வைத்தாள்.

"அழறதுன்னா அதைக் கழட்டி வெச்சுட்டு அழு. வயர்ல தண்ணி இறங்கும்" என்றாள் டாட், காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தியபடி.

பத்து அழைப்பில் ஒன்றை வெய்ன் ஒட்டுக்கேட்பது வழக்கம். அன்று அந்தப் பத்தில் ஒன்று இதுதான். நிதானமாக நடந்து வந்து மேசை ஓரத்தில் நின்றார்.

"யாரு அது?"

"என் அக்கா."

"எந்தக் கேள்வியில தெரிஞ்சுது?"

"முதல் கேள்விக்கு முன்னாடியே."

"அப்ப அங்கயே கையைத் தூக்கியிருக்கணும்."

"ஆமா."

"முப்பத்தொண்ணு வரைக்கும் போய்ப் பார்க்கணும்னு இருந்துச்சா?"

"ஆமா, வெய்ன்."

அவர் குனிந்து அந்தப் பேட்டியை அழித்தார். கணினி 'நிச்சயமா?' என்று கேட்டது. நிச்சயம் என்று தட்டினார். "ஒரு வாரம் வராதீங்க. விதி அது" என்றார். இரண்டு அடி போய்த் திரும்பி, "பதினாலாம் கேள்வியில மட்டும் மூணு வார்த்தை கூடப் போட்டீங்க. மத்ததெல்லாம் சுத்தம்" என்றார். ஏழு வருடத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் கணிப்பு வந்தது. யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் அறுபத்துமூன்று சதவீதம். லுசீலைச் சேர்த்திருந்தாலும் அறுபத்துமூன்றுதான்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிளாடெட் சமையலறையில் உட்கார்ந்து எண்ணைப் போட்டாள். கையில் படிவம் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"யாரு?"

"நான்தான்."

"முடிவு பண்ணிட்டியா?" என்றாள் லுசீல்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் தட்டு கழுவிக்கொண்டே போட்ட நிபந்தனையை அவள் மறக்கவில்லை.

"அப்பவே பண்ணிட்டேன். கெல்லர்மனுக்குத்தான் போட்டேன்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "என்னடி சொல்ற?"

"நெஜமாத்தான். நான் முடிவு பண்ணலன்னு சொன்னப்போ அந்த மனுஷன் சிரிச்சுட்டு 'நியாயம்தான்'னாரு. மத்த நாலு பேர்கிட்டயும் அதையே சொன்னேன். ஒருத்தரும் நியாயம்னு சொல்லல."

லுசீல் நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது.

"நான் போடல" என்றாள் லுசீல்.

"என்ன போடல?"

"கெல்லர்மனுக்கு. நான் போடல."

கிளாடெட் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் பனி தள்ளும் இயந்திரத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். உலகம் வழக்கம்போலத்தான் இருந்தது.

"நாலு கேக் சுட்டியே, லுசீல்."

"சுட்டேன். மூணு மணி நேரம் என் வீட்டுல இருந்தாரு. கோட்டைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு என் கையைப் புடிச்சு, 'எல்லாத்துக்கும் நன்றி, லுயீஸ்'னாரு. லுயீஸாம். நான் யார்கிட்டயும் சொல்லல. ஓட்டுப் போடற அன்னைக்கு அந்தப் பேர் மேல பேனாவை வெச்சேன். கை போகல. வேற யாருக்கோ போட்டுட்டு வந்துட்டேன்."

"பெரிய பாவம் ஒண்ணும் இல்லயே."

"இரு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஊர் மண்டபத்துல எண்ணி முடிச்சு வாசிப்பாங்கல்ல? எல்லாரும் உட்கார்ந்திருக்கோம். என் வீட்டுக் கூடத்துல உட்கார்ந்திருந்த ஆளுங்கல்லாம் அங்க இருக்காங்க. 'கெல்லர்மன், ஒண்ணு'ன்னு வாசிச்சாங்க. மொத்த ஊரும் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. பாவம், லுசீல் ஒருத்திதான் போட்டிருக்கான்னு. நார்மன் மட்டும் திரும்பல. தொப்பியை மடியில வெச்சு அதையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, அந்த ஒண்ணு யாரோடதுன்னு. அந்த ஒண்ணு அவரோடதுன்னா, நான் போடலன்னு அவருக்கும் தெரிஞ்சுதானே இருக்கும்?"

"கேட்டாரா?"

"வீட்டுக்கு வந்தோம். பட்டாணி சூப் சாப்பிட்டோம். உப்பு கம்மின்னாரு. அவ்வளவுதான். சாகற வரைக்கும் கேக்கல." லுசீலின் குரல் முதல் முறையாக இறங்கியது. "அக்டோபர்ல ஆஸ்பத்திரியில, சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். கையைத் தூக்கி வேண்டாம்னாரு. மூச்சு விட முடியல, அதுக்காகக் கூட இருக்கலாம். எனக்குத் தெரியல, கிளாடெட். அதைத்தான் ஆறு மாசமா யோசிக்கறேன்."

கிளாடெட் அழுதாள். இந்தத் தடவை சத்தமாகவே அழுதாள். கூடவே தணிந்த குரலில் இன்னொரு அழுகையும் கேட்டது. கொஞ்ச நேரம் இரண்டு வீட்டிலும் அதுதான் நடந்தது.

"எனக்கு ஏன் சொல்லல?" என்று கடைசியில் கேட்டாள்.

"எண்ணைப் போட்டேன். ஏழு எண்ணுல ஆறு வரைக்கும் போட்டேன். உன்னை அன்னைக்கு அப்படித் திட்டிட்டு, நானே அவருக்குப் போடலன்னு எந்த வாயால சொல்றது? நீ ஒருத்திதான் அந்தக் கூடத்துல நெஜத்தைச் சொன்னவ. உன்னையும் சேர்த்து ரெண்டு பேர்."

"நார்மனும்."

"நார்மனும்."

லுசீல் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு குரல் பழையபடி நிமிர்ந்தது. "செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு இங்க நூலகத்துக்கு அந்தக் கவர்னர் வர்றாராம். பல்லுக்காரரு. தனியாப் போய்ப் பார்த்தா எனக்கு ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. உனக்கு வேலை இருக்கும்."

"இல்ல. ஒரு வாரம் வரக்கூடாதுன்னுட்டாங்க."

"ஏன்?"

"உன்கிட்டப் பேசினதுக்கு."

"நல்லவேளை" என்றாள் லுசீல். "கேக் பண்றேன்."

"பண்ணு. ஆனா நான் அங்க எதையும் முடிவு பண்ண மாட்டேன்."

"யாரு பண்ணச் சொன்னா? வந்து உட்காரு, போதும்."

செவ்வாய்க்கிழமை ஹார்ட்வெல் போகிற மண் ரோட்டில் கிளாடெட்டின் கார் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது; அவளே இறங்கித் தள்ளினாள். வாசலில் லுசீல் நின்றிருந்தாள். முடி மொத்தமும் வெள்ளை. நார்மனின் கோட்டைப் போட்டிருந்தாள். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. லுசீல் தங்கையின் காலணியைப் பார்த்து, "பின் வாசல் வழியா வா, சேறு" என்றாள். கூடத்தில் அதே நாற்காலிகள் இருந்தன. பின்னால் கோழிக்கூட்டில் நார்மன் அடித்த பச்சைப் பெயின்ட் பாதி உரிந்துபோயிருந்தது. மீதியை லுசீல் உரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

நூலகத்தில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். கவர்னர் பேசினார். பல் நன்றாகத்தான் இருந்தது. பேசி முடித்துவிட்டு ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இருவரிடமும் வந்து நின்றார்.

"உங்க பேரு?"

"லுசீல்" என்றாள் லுசீல். "லு-சீல்."

"லுசீல். உங்க ரெண்டு பேர் ஓட்டும் எனக்குக் கிடைக்குமா?"

லுசீல் தங்கையைப் பார்த்தாள். கிளாடெட் மூச்சு வாங்கினாள்.

"இன்னும் முடிவு பண்ணல சார்" என்றாள் லுசீல், தங்கை வாய் திறப்பதற்குள்.

கவர்னரின் உதவியாளர் பெண் பின்னாலிருந்து அதைத் தாளில் குறித்துக்கொண்டாள். முடிவு செய்யாதவர்கள், இரண்டு. அக்காவும் தங்கையும் வீட்டுக்குப் போய்க் கேக் சாப்பிட்டார்கள்.